ஐம்பது நிமிடத்துக்கு மட்டும் சம்பளம் பேசாதீர்கள்: உளவியல் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலை மாதங்களில் உளவியலில் எம்.எஸ்சி. முடித்தவர்களும் எம்.ஃபில். முடித்தவர்களும் வேலை தேடிக் கிளம்புவார்கள். அப்போது என் செல்பேசிக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "மேடம், இவ்வளவு தருவதாகச் சொல்கிறார்கள், சேரலாமா?" எத்தனை மணி நேர வேலைக்கு அந்தத் தொகை என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. கேட்டிருக்கவே மாட்டார்கள். என் வயதுக்காரர்கள் எதைக் கேட்காமல் சேர்ந்து தவித்தோமோ, அதையேதான் இவர்களும் கேட்காமல் வருகிறார்கள்.

பயோடேட்டாவில் எழுத்துப்பிழை, நேர்காணலுக்குத் தாமதம் போன்றவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வேலை நேரமும் சம்பளமும் மட்டும் என் பாடு.

பட்டத்தை வைத்துக்கொண்டு பதிவுக்கான வேலையை ஏற்பது

எம்.எஸ்சி. உளவியல் முடித்தவர் மருத்துவ உளவியலாளர் அல்லர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை வரையறுத்தே வைத்திருக்கிறது: இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதி வேண்டும். இதுவரை வழக்கமான பாதை, முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். கவுன்சிலில் பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால், கவுன்சிலுக்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சில மருத்துவமனைகள் முதுகலை முடித்த பிள்ளைகளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து, அறைக் கதவில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டிவிடுகின்றன. பலகையைப் பார்த்துப் பெற்றோர் பூரித்துப்போகிறார்கள். நாளைக்கு ஒரு புகார் வந்தால் அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் பேசுவதற்கு முன், நியமன ஆணையில் பதவியின் பெயர் என்ன என்று பாருங்கள்.

எம்.ஃபில். மருத்துவ உளவியலுக்குச் சேர்க்கை 2025-26 கல்வியாண்டு வரைதான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்திருந்தது. இனி வருபவர்கள் எந்தப் படிப்பில் சேருவதானாலும், அந்த ஆண்டுக்கான கவுன்சில் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே கட்டணம் கட்டட்டும்.

தொலைநிலைக் கல்வியில் உளவியல்

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது. விளம்பரம் வந்தாலும் சேராதீர்கள்.

பயிற்சிக் காலத்தின் செலவைக் கணக்கில் சேர்க்காதது

இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியில் காலையில் ஓ.பி., பிறகு வார்டு, மாலையில் கேஸ் பிரசன்டேஷன், இரவில் ஆய்வேடு. பகுதிநேர வேலைக்கு இடமே இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் ஊக்கத்தொகை உண்டு. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் லட்சக்கணக்கில் நாம் கட்ட வேண்டும். ஊக்கத்தொகை என்ற பேச்சே கிடையாது. அதே வயதில் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்று ஆய்வுக்குப் போனவர் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருப்பார்.

எம்.ஃபில். வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிய கட்டணம், வராத இரண்டாண்டு வருமானம், கல்விக்கடன் தவணை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு முதல் சம்பளத்தைப் பேசுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், "அனுபவம் கிடைக்குமே" என்ற பேச்சுக்கு அவ்வளவு எளிதில் மயங்க மாட்டீர்கள்.

சதவீதத்துக்குத் தலையாட்டுவது

உண்மையில் இந்த ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தனியார் மருத்துவமனைகளில் பல, உளவியலாளருக்குச் சம்பளம் தருவதைவிடப் பங்கு தருவதையே விரும்புகின்றன. அறுபது-நாற்பது என்பார்கள். கொஞ்சம் பெயர் வாங்கியவருக்கு எழுபது-முப்பது. ஐம்பது நிமிட செஷன் ஒன்றுக்குக் கட்டணம் 1,000 ரூபாய் என்றால் 600 உங்களுக்கு. ஒருவருக்கு 600, நாளைக்கு ஆறு பேர், மாதத்துக்கு 25 நாள் என்று மனம் உடனே பெருக்கி 90,000 என்று விடை சொல்லிவிடும். அந்த விடையை அப்படியே கையில் வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

காரணம், இந்தப் பங்குக் கணக்கு மருத்துவரின் ஓ.பி.க்காக உருவானது. மனநல மருத்துவர் ஒரு மாலையில் முப்பது பேரைப் பார்க்க முடியும். பழைய நோயாளிக்கு மருந்தின் அளவை மாற்றப் பத்து நிமிடம் போதும். நான்கு பேர் வராவிட்டாலும் வரிசையில் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். நமக்கு வரிசை கிடையாது. பதினொரு மணிக்கு ஒருவருக்கு நேரம் கொடுத்து அவர் வராவிட்டால், அந்த ஒரு மணி நேரம் புறப்பட்டுப் போய்விட்ட பஸ்ஸின் காலி இருக்கைதான். அதற்கு மாலையில் டிக்கெட் விற்க முடியாது. ஆனால் மேலாளர் இரண்டு பேருக்கும் ஒரே ஒப்பந்தத் தாளை நீட்டுவார். பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டிருப்பார்கள்.

என்னிடம் மேற்பார்வைக்கு, அதாவது தன் கேஸ்களைப் பற்றி ஆலோசிக்க, வரும் இளம்பெண் ஒருவர் இப்படித்தான் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அறையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "ஏதாவது ஒரு நாளை மணிவாரியாக எழுதிக்கொண்டு வாம்மா" என்றேன். ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதிக்கொண்டு வந்தார். நேரம் கொடுத்தது ஆறு பேருக்கு, வந்தது நான்கு பேர். ஒருவர் வீட்டில் அன்று பெண் பார்க்க வருகிறார்களாம். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. ஆக, பங்கு 2,400 ரூபாய். மருத்துவமனையில் இருந்தது ஏழு மணி நேரம், பஸ்ஸில் போக வர இரண்டு, இரவில் குறிப்பு எழுத ஒன்றரை. மொத்தம் பத்தரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 230 ரூபாய்கூட வரவில்லை. "ஆனால் மேடம், ஒரு செஷனுக்கு 600 தருகிறார்களே" என்றார் அப்போதும்!

சோதனைகள் இதைவிட மோசம். ஐ.க்யூ. பார்க்க வேண்டும் என்று ஒரு பையனை அழைத்து வருகிறார்கள் என்று வையுங்கள். பினே-காமத் சோதனைக்கு ஒன்றரை மணி நேரம். பையன் நாலாவது கேள்வியில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் மறுநாளும் உண்டு. பிறகு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலுக்காக அம்மாவிடம் அரை மணி நேரம்: சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறானா, கடைக்குத் தனியாகப் போய் வருவானா என்று ஒவ்வொன்றாக. அம்மா ஒன்று சொல்ல, கூட வந்த பாட்டி இல்லை என்பார். எந்த வயதுக்கான கேள்விகள் வரை எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான் என்ற அடிப்படை வயதைக் கண்டுபிடித்து, மேலே சரியாகச் சொன்னவற்றுக்கு மாதங்களைக் கூட்டி, மன வயதை உண்மை வயதால் வகுக்க வேண்டும். அந்த உண்மை வயதோ ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இருக்கும். அவசரப்பட்டுக் கூட்டிவிட முடியாது. அரசுச் சலுகைகளுக்கு மாற்றுத்திறன் 40 சதவீதம் என்ற எல்லைக்கு எந்தப் பக்கம் அந்தப் பிள்ளை நிற்கிறான் என்பதில் இந்த எண்ணுக்குப் பங்கிருக்கிறது. கூட்டவும் அறிக்கை எழுதவும் இரண்டு மணி நேரம், பெற்றோருக்கு விளக்க அரை மணி நேரம். மொத்தம் நாலரை. கட்டணம் 2,000 என்றால் பங்கு 1,200. மணிக்கு 270 ரூபாயைத் தொடவில்லை. அடுத்த வாரம் பள்ளி வேறு படிவத்தில் கேட்கும்; அதையும் எழுதித் தருவீர்கள், அதற்கும் காசு கிடையாது. மைக்கறைப் படங்களைக் காட்டிக் கேட்கும் ரோர்ஷா சோதனையைச் சொல்லவே வேண்டாம். அட்டை என்னவோ 10தான், ஆனால் மதிப்பிட உட்கார்ந்தால் ஒரு மாலை போய்விடும்.

"குறிப்பு எழுதுவது உங்கள் சொந்த வசதிக்குத்தானே" என்று ஒரு மேலாளர் என்னிடமே சொன்னார். அப்படி இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2018-ஆம் ஆண்டு விதிகள், உளவியல் மதிப்பீட்டு அறிக்கைக்கும் சிகிச்சைப் பதிவுக்கும் படிவமே வகுத்திருக்கின்றன. தன் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. சட்டம் எழுதச் சொன்னதை எழுதும் நேரம் வேலை நேரம் இல்லாமல் வேறென்ன?

கல்லூரியைப் பாருங்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை, அதில் நேரடி வகுப்பு 16 மணி நேரம். மீதி நேரம் தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் மாணவர்களுக்கும் ஆய்வுக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. அங்கே யாரும் பேராசிரியரிடம் கரும்பலகை முன் நின்ற நேரத்துக்கு மட்டும் சம்பளம் என்று சொல்வதில்லை. நம்மிடம் மட்டும் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

ஆகவே, எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன், காலி நேரத்துக்குக் காசு யார் தருவது என்று கேளுங்கள். நாள் முழுக்க அறையில் இருக்கச் சொன்னால் அதற்கு ஒரு குறைந்தபட்ச உறுதித்தொகை வேண்டும். அது முடியாது என்றால், நேரம் பதிவானபோது மட்டும் வருவேன் என்று சொல்லுங்கள். முதல் நாளே சொல்லாமல் வராதவரிடம் பாதிக் கட்டணம் உண்டு என்பதை வரவேற்பறையில் பதிவு செய்யும்போதே அவர்கள் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னால் சிகிச்சை உறவு கெடும். அறிக்கைக்குத் தனிக் கட்டணம், இரண்டாம் நகலுக்கும் வேறு படிவத்துக்கும் தனி. சோதனைப் பெட்டியும் விடைப் படிவங்களும் யார் செலவு என்பதை மறக்காமல் பேசுங்கள். படிவம் தீர்ந்த அன்றுதான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், மின்னஞ்சலாக இருந்தாலும் போதும்.

அந்தப் பெண் போய்க் கேட்டார். உறுதித்தொகைக்கு மருத்துவமனை மசியவில்லை. வாரத்தில் மூன்று பிற்பகல்களில் மட்டும் வருவதற்கு ஒப்புக்கொண்டார்கள். வரும் நோயாளிகள் அதே பேர்தான், அந்தப் பிற்பகல்களில் நெருங்கி வருகிறார்கள். வருமானம் பெரிதாக ஏறவில்லை. மீதி நாட்களில் ஒரு சிறப்புப் பள்ளியில் மாதச் சம்பளத்துக்குப் போகிறார்.

"பள்ளி வேலை நாலு மணிக்கு முடிந்துவிடும்"

முடியாது. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்பதால் பல பள்ளிகள் ஆள் எடுக்கின்றன. எடுத்த பிறகு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பு, தேர்வு அறைக் கண்காணிப்பு, ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் அவர் தலையில். பெற்றோர் வேலை முடிந்து ஆறு மணிக்கு அழைப்பார்கள். ஒரு பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்ட நாளில் வீட்டுக்குப் போகும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. சேரும்போதே இரண்டைக் கேளுங்கள்: கதவு மூடும் தனி அறை உண்டா, மாற்று வகுப்பு எடுக்கச் சொல்வீர்களா. பதிலைக் கேட்டாலே சம்பளம் போதுமா என்பது தெரிந்துவிடும்.

கல்லூரியில் 'தற்காலிகமாக' இருப்பது

நெட், மாநில அளவிலான செட் அல்லது முனைவர் பட்டத்துடன் யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் சேரும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. 2019-இல் சொன்னது வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு உச்சவரம்பு 50,000. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டுக்கும் எட்டாத தொலைவில் ஒரு தொகையைச் சொல்வார்கள். ஓராண்டு இருந்து பார்க்கலாம். தகுதித் தேர்வை எழுதாமல் அங்கேயே ஆண்டுகள் ஓடினால், அந்தத் தொகைதான் உங்கள் விலை என்று ஊர் முடிவு செய்துவிடும்.

பொன்னாடை

அதை வைத்து வாடகை கட்ட முடியாது. பேச அழைப்பவர்களிடம் கட்டணத்தைச் சொல்லுங்கள். நினைவுக் கேடயங்களுக்கு என் வீட்டில் இனி இடமில்லை.

டி.டி.எஸ்.

பங்கிலிருந்து பத்து சதவீதம் பிடித்தால் அது மருத்துவமனைக்குப் போகும் பணம் அல்ல, உங்கள் பெயரில் கட்டிய வரி. நீங்கள் கட்ட வேண்டிய வரியைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்ப வரும்.

சொந்தக் கிளினிக் வைத்தால் நேரம் நம் கையில் என்று நம்புவது

நேரம் வருகிறவர் கையில். வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள், அல்லது சனி, ஞாயிறுகளில்தான் வர முடியும். உங்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமும் அதுதான். பகலில் அறை காலியாக இருக்கும், வாடகை மட்டும் முழு நாளுக்கும். அதனால் முதல் சில ஆண்டுகளுக்கு, ஏற்கெனவே நடக்கும் ஒரு கிளினிக்கில் மாலை நேரத்துக்கு மட்டும் அறை எடுப்பதே மேல். கவுன்சில் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். கருத்தரங்கு பெரும்பாலும் விடுமுறை நாளில் நடக்கும், கட்டணமும் அன்றைய வருமான இழப்பும் உங்களுடையதே. மூத்தவரிடம் பெறும் மேற்பார்வைக்கும் மாதச் செலவில் ஒரு வரி ஒதுக்குங்கள். என் வயதுக்காரர்கள் அதை இலவசமாகத் தந்து பழக்கிவிட்டார்கள். இப்போது கட்டணம் கேட்டால் சங்கடப்படுகிறவர்களும் அவர்களேதான்.

கேட்பவர்களுக்கெல்லாம் கட்டணத்தைக் குறைப்பது

இளையவர்கள் இதைச் சேவை என்கிறார்கள். பெரும்பாலும் அது காசு கேட்கக் கூச்சம். வாரத்தில் இத்தனை இடம் குறைந்த கட்டணத்துக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். நிரம்பியபின் மற்றவர்களை எங்கே அனுப்புவது என்பது தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளிப் பிரிவு உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமைகளில் என்று விசாரித்து எழுதி ஒட்டி வையுங்கள். சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மனாஸின் எண் 14416, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள்.