டெட்ராகுளோரோபிகோலினிக் அமிலத்தில் இரண்டு குளோரினை மட்டும் கழற்றுவது எப்படி

பிகோலினிக் அமிலம் என்பது நைட்ரஜன் உள்ள ஆறணு வளையத்தில் அமிலத் தொகுதி ஒட்டியது. அதன் 3,4,5,6 இடங்களில் நான்கு குளோரின் இருக்கும்போது 4, 5 இரண்டையும் மின்சாரத்தால் எடுத்துவிட்டால் கிடைப்பது க்ளோபிரலிட், களைக்கொல்லி. வளையத்தில் நைட்ரஜன் இருப்பதால் குளோரோபென்சீனைவிட இது எளிதில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். ஆனால் கேத்தோடு (எலக்ட்ரானைக் கொடுக்கும் எதிர்மின்வாய்) சரியில்லை என்றால் தண்ணீர்தான் ஒடுங்கும், ஹைட்ரஜன் குமிழிதான் மிச்சம்.

அதனால் கேத்தோடாகப் போடும் வெள்ளி உலோகத்தைத் தயார்செய்வதுதான் முதல் வேலை. வெள்ளி வலையை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்து, கொஞ்ச நேரம் ஆனோடாக (நேர்மின்வாயாக) ஓட்டுங்கள். மேலே ஆக்சைடு படிந்து கருக்கும். அப்புறம் துருவத்தை மாற்றினால் அது மறுபடி வெள்ளியாகி, பளபளப்பு போய் பஞ்சு மாதிரி சொரசொரப்பான சாம்பல் பரப்பாக நிற்கும். பளபளவென்ற வெள்ளியை அப்படியே போட்டுவிட்டு விளைச்சல் இல்லையே என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டியவர்கள்.

கலம் பிரித்த கலமாக, நடுவே நேர் அயனிகளை மட்டும் விடும் சவ்வோடு இருக்கட்டும். இல்லாவிட்டால் கழன்ற குளோரைடு ஆனோடுக்குப் போய் ஹைப்போகுளோரைட் ஆகும், கடைசியில் அமிலம் ஊற்றும்போது குளோரின் வாயு கிளம்பும். ஆனோடுக்கு நிக்கல் போதும். அமிலத்தைக் காரத்தில் முழுக்கக் கரைத்து, பிஎச் 13-க்கு மேல் வைத்து, நன்றாகக் கலக்கிக்கொண்டே, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் கலோமெல் மின்வாய்க்கு எதிராக −1.3 வோல்ட் அளவில் ஓட்டுங்கள். ஹைட்ரஜன் வரும், ஆய்வகத்தின் வாயு உறிஞ்சும் அடைப்புக்குள்தான் (fume hood) வேலை.

எவ்வளவு நேரம்? ஒரு குளோரினுக்கு 2 எலக்ட்ரான். 2.61 கிராம், அதாவது 0.01 மோலுக்கு, இரண்டு குளோரின் என்றால் 4 × 96485 × 0.01, சுமார் 3860 கூலோம் மின்னூட்டம். 1 ஆம்பியர் சீராக ஓடினால் 64 நிமிடம். கொஞ்சம் ஹைட்ரஜனுக்குப் போவதால் நிஜத்தில் கூடுதலாகும், ஆனால் மறந்துபோய் இரவு முழுக்க ஓடவிட்டால் மூன்றாவது குளோரினும் கழன்றுவிடும். ஒரு குளோரின் மட்டும் கழன்ற இடைப்பொருளான டிரைகுளோரோ மறைகிறதா என்று, கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் பார்த்து நிறுத்துங்கள். கருவி கையில் இல்லையென்றால், ஒரு துளியை நைட்ரிக் அமிலத்தில் அமிலமாக்கி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். தயிர் போல வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு கழல்கிறது, அவ்வளவுதான் அதில் தெரியும்.

முடிந்ததும் கேத்தோடு பக்கத் திரவத்தை மட்டும் எடுத்து, குளிரவைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு பிஎச் 1 வரை இறக்கினால் பொருள் படியும். அதிகபட்சம் 1.92 கிராம், அதிலும் கொஞ்சம் நீரிலேயே நின்றுவிடும். காயவைத்து உருகுநிலை பாருங்கள், 151–152 டிகிரி வரவேண்டும்.

மூலக்கூறில் நைட்ரோ இருந்தால் இந்த வழி வேண்டாம், குளோரினுக்கு முன்னால் அதுதான் ஒடுங்கும்.