கடைசியாக வந்தவர் டீ குடித்தாரா? பெண்கள் சைக்கிள் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்கள் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றைத் தொடங்குவது சுலபம். ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து பேர் இருந்தால் போதும். ஆறு மாதம் கழித்தும் அவர்கள் வருகிறார்களா என்பதுதான் விஷயம். வெயிலும் குண்டும் குழியுமான ரோடும் குழுக்களைக் கலைப்பது குறைவு. ஒருவர் பின்தங்குகிறார், யாரும் கவனிப்பதில்லை. அடுத்த வாரம் "வீட்டில் விருந்தாளி" என்கிறார். அப்புறம் வருவதே இல்லை. திருச்சியில் காலை நேரங்களில் மற்ற பெண்களோடு சேர்ந்து ஓட்டுகிறவள் நான். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

முன்னால் போகிறவர்களின் ஓய்வு

திருச்சியிலிருந்து கரூர் ரோட்டில் குடமுருட்டிப் பாலம் தாண்டி முக்கொம்பு வரை போகிற வழியை எடுத்துக்கொள்வோம். காவிரி கூடவே வரும், ஏற்றம் இல்லை, புதிதாக ஓட்டுபவர்களுக்கு நல்ல ரூட். பத்துப் பேர் கிளம்புகிறார்கள். வேகமாக மிதிக்கிற மூவர் முத்தரசநல்லூர் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று காத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் நடுவில் வந்தவர்கள் சேர்கிறார்கள். டீ, பேச்சு, போட்டோ. கடைசி ஆள் வேர்த்து விறுவிறுத்து வந்து காலை ஊன்றும்போது, "வந்துட்டீங்களா அக்கா, சரி கிளம்பலாம்" என்று எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள்.

நல்ல மனசோடுதான் காத்திருந்தார்கள். ஆனால் அதிகம் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. அவர் டீ குடிக்கவில்லை, தண்ணீர் பாட்டிலைக்கூட நிரப்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் பின்தங்குவார். தன்னால் எல்லோருக்கும் தாமதம் என்ற குறுகுறுப்பு வேறு. அந்த ஆள் அடுத்த வாரம் வராததற்கு அவருடைய உடல் தகுதியைக் காரணம் சொல்வது நியாயமே இல்லை.

இதற்கு ஒரு வழக்கம் போதும்: கடைசியாக வந்தவர் டீயை முடித்த பிறகுதான் வண்டி கிளம்பும். கூடவே, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே கடைசி வண்டியாக வர வேண்டும். எத்தனை மெதுவாகப் போனாலும் அவரைத் தாண்டி யாரும் பின்னால் விடப்படக் கூடாது. இந்தப் பொறுப்பை வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஆள் தலையில் கட்டினால் அவருக்கும் அலுத்துவிடும். கடைசி வண்டியில் வருகிறவர் பின்னால் நின்று விரட்டக் கூடாது, பக்கத்தில் வந்து பேச வேண்டும். பஸ்ஸும் மணல் லாரியும் ஓடும் இடத்தில் மட்டும் ஒற்றை வரிசை. முன்னால் இருப்பவர் "குழி!" என்று குரல் கொடுத்தால் அது வரிசையாகக் கடைசி வரை போய்ச் சேர வேண்டும்.

வேகம்தான் திறமை என்ற நினைப்பும் இதோடு சேர்ந்தது. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பி.ஆர்.எம். என்று சொல்லும், குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்ற சவாரிகளில் 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். சாப்பிட, நிற்க, பஞ்சர் ஒட்ட எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. நிதானமாக, பாதியில் விட்டுவிடாமல் ஓட்டுகிறவர்களுக்கு அதில் நல்ல இடம் உண்டு. உங்கள் குழுவில் மெதுவாக வருகிற அக்காதான் நாளைக்கு 200 முடிக்கிற ஆளாக இருக்கலாம்.

ஐந்து மணி

"ஞாயிறு காலை 5 மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்ட்" என்று போடுவது ஆண்கள் குழுக்களிலிருந்து அப்படியே வந்த பழக்கம். வெயிலுக்கு முன் ஓட்டுவது நல்லதுதான். ஆனால் வீட்டில் பெரியவர்களுக்குக் காபி, குடிதண்ணீர் வருகிற நேரம், கைக்குழந்தை என்று ஒவ்வொன்றையும் யாரிடமாவது ஒப்படைத்தால்தான் ஒரு பெண் 5 மணிக்குத் தெருவில் நிற்க முடியும். ஒப்படைக்க ஆள் இல்லாதவர் குரூப்பில் பேசாமல் இருப்பார். அதை ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

கிளம்பும் நேரத்தை மட்டும் போடாமல், வீடு திரும்பும் நேரத்தையும் போடுங்கள், போட்டால் அதைக் காப்பாற்றுங்கள். "7.15-க்கு வீட்டில் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், டிபன் சாப்பிடலாம் என்ற திடீர் முடிவால் 8.30-க்குப் போனால், அடுத்த வாரம் அவருக்கு வாசல் திறப்பது கஷ்டம். ஸ்கூல் வேன் போன பிறகு, வாரநாளில் 9.30 மணிக்கு ஒரு மணி நேரச் சவாரி வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாளும் வராத முகங்கள் வரும்.

சீட்டு

முழங்கால் வலியால் நின்றுபோகிறவர்கள் அதிகம். அதில் பெரும்பகுதிக்குக் காரணம் சீட்டின் உயரம். கடையில் வண்டி வாங்கும்போதே, "கால் தரையில் படணும்மா" என்று சீட்டை அடியோடு இறக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஓட்டக் கற்றுக்கொள்ளும் நாட்களில் அது சரி. பழகிய பிறகும் அதே உயரத்தில் ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். கொஞ்ச நாளில் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். ஏறி மிதிக்கவும் பலம் கிடைக்காது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். பெடல் நன்றாகக் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக இருக்க வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும் என்பதால் முட்டியில் லேசான மடிப்பு தானாக வரும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரம் அதிகம். உயர்த்தப் பயமாக இருந்தால் வாரத்துக்கு ஒரு விரல் கனம் ஏற்றுங்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகினால் அந்தப் பயம் போய்விடும்.

உட்கார்ந்தால் வலிக்கிறது என்பவருக்கு உடனே ஜெல் கவர் வாங்கச் சொல்வதும் தவறு. உடல் எடை உட்காரும் எலும்புகள் இரண்டின்மேல் விழ வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாகக் கொஞ்சம் அகலம். சீட்டு ஒடுக்கமாக இருந்தால் எடை நடுவில் இருக்கும் மென்மையான இடத்தில் விழும். மெத்தை கூடக்கூட அங்கே அழுத்தமும் கூடும். அகலம் பொருந்திய சீட்டுதான் மருந்து. குழுவில் ஒருவர் தன் சீட்டைக் கழற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் வீண் செலவு மிச்சம்.

பேசாமல் விடுகிற விஷயங்கள்

வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை, அதனால் பலரும் தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிறார்கள். தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. ரூட் போடும்போதே எந்த பெட்ரோல் பங்க்கில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று ஒருவர் முன்கூட்டியே பார்த்துவைத்து, அதையும் குரூப்பில் எழுதிவிடுங்கள். கேட்காமலே சொல்லப்பட்டால் கூச்சம் பாதி குறையும்.

மாதவிடாய் நாட்களில் ஓட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் உடல் சொல்வது. "இன்னைக்கு வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்க வேண்டாம். ஓட்டுகிறேன் என்றால் அறிவுரையும் வேண்டாம். பஞ்சர் கிட் வைக்கும் சின்னப் பையில் டயர் லிவர், பம்ப், ஒரு டியூபோடு இரண்டு நாப்கின், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு நூறு ரூபாய் நோட்டு சேர்த்து வையுங்கள். யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குபவருக்கு, அதற்குள் உள்ளாடை போடக் கூடாது என்பதையும் யாராவது ஒரு தோழிதான் சொல்ல வேண்டும். தையல் உராய்ந்துதான் புண் வரும். அந்த ஷார்ட்ஸுக்கு மேலே சுடிதார் பேன்ட் போட்டுக்கொண்டால் ஒரு குறையும் இல்லை. ஷாலை மட்டும் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து.

யாருடைய வண்டி

"இந்த வண்டியிலயா இவ்ளோ தூரம் வந்தீங்க?" பாராட்டாகச் சொன்னாலும் கேட்பவருக்கு உறுத்தும். லேடிபேர்டில் வருகிறவர், மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு சைக்கிளில் வருகிறவர், லட்ச ரூபாய் ரோடு பைக்கில் வருகிறவர் என மூவரும் ஒரே குழுவில் இருக்க முடியும். கியர், கார்பன், வாட் கணக்கு என்றே பேச்சு முழுவதும் போனால் முதல் இருவரும் மெல்ல விலகுவார்கள்.

பெண்கள் கூட்டமாக சைக்கிள் ஓட்டுவது நகரத்துப் புது நாகரிகம் என்று நினைப்பதும் இங்கே சொல்ல வேண்டிய தவறு. எங்கள் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே 1991-92-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் தாங்களாகவே ஊர் விட்டு ஊர் போக முடிய வேண்டும் என்பதை இயக்கத்தின் பகுதியாக்கினார், சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஏறினார்கள். அறிவொளி நடத்திய போட்டிகளில் மட்டும் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஆண்கள் வண்டியிலேயே ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலியும் ஆபாசப் பேச்சும் அன்றைக்கும் இருந்தன. ஒருத்தி கற்றுக்கொண்டு இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்ததால் அந்தப் பேச்சையெல்லாம் தாண்டி அது பரவியது. வாடகை சைக்கிளில் பழகிய அந்தப் பெண்களிடமிருந்துதான் நாம் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது

நாற்பது வயதில் ஓட்டப் பழக ஆசைப்பட்டு வருகிறவரை உற்சாகமாக வரவேற்றுவிட்டு, கேரியரைப் பிடித்துத் தள்ளி "மிதிங்க, மிதிங்க" என்று கத்துவது பெரிய தவறு. குழந்தை விழுந்தால் எழுந்து ஓடும். நாற்பதில் விழுகிற பயம் வேறு. தள்ளுகிறவர் பிடித்திருக்கும்வரை அவருக்கு பேலன்ஸும் வராது.

இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். 15 நம்பர் ஸ்பேனர் போதும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முறுக்கினால் மரை போய்விடும். சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வைத்து, தரையை உந்தி உந்தி நகரச் சொல்லுங்கள். லேசான சரிவு இருக்கும் மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் தரையில் படாமல் உருளும் தூரம் கூடும். அது வந்த பிறகு பெடலை மாட்டுங்கள். பிரேக்கை முதலிலேயே பழக்கிவிடுங்கள். கூட்டம் வேடிக்கை பார்க்காத இடமாக இருக்கட்டும், வீடியோ எடுக்காதீர்கள்.

போட்டோ, இருப்பிடம், தொந்தரவு

சவாரி முடிந்ததும் குழு போட்டோவை இன்ஸ்டாகிராமில் போடும் முன் எல்லோரிடமும் கேளுங்கள். வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள், சொன்னாலும் உறவுக்காரர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். "யாருக்காவது வேண்டாமா?" என்று பொதுவில் கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். சேர்ந்த அன்றைக்கே தனியாகக் கேட்டுக் குறித்துவைப்பது நல்லது. போன வழியையும் நேரத்தையும் பதிவு செய்கிற ஸ்ட்ராவா மாதிரி செயலிகளில் கிளம்பும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி உண்டு. அதைப் போடாவிட்டால் உங்கள் வீட்டு வாசலும், நீங்கள் தினமும் தனியாகக் கிளம்பும் நேரமும் யாருக்கும் தெரியும்.

பைக்கில் வந்து உரசிப் போகிறவர்கள், கூடவே மெதுவாக வந்து பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படி நடந்ததைச் சொல்கிறவரிடம் "ஏன் தனியாப் போனீங்க?" என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியிலேயே இனி எதையும் சொல்ல மாட்டார். ஆட்கள் இருக்கும் கடைப் பக்கம் ஒதுங்கி நிற்பது, வண்டி நம்பரைச் சத்தமாகச் சொல்லி ஒருவர் குறித்துக்கொள்வது, தேவைப்பட்டால் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழைப்பது என்று முன்பே பேசிவைத்திருந்தால் அந்த நிமிடத்தில் கை நடுங்காது. புகார் கொடுப்பதா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்யட்டும். வீட்டுக்குத் தெரிந்தால் சைக்கிளே நின்றுபோகும் என்று பயப்படுகிறவரின் கணக்கு அவருக்குத்தான் தெரியும். கொடுக்கிறேன் என்றால் இரண்டு பேர் கூடப் போங்கள்.

நின்றுபோனவர்

மகளின் பரீட்சை, மாமியாரின் ஆபரேஷன், கருவுற்றது, மாற்றல் என்று ஒருவர் மாதக்கணக்கில் வராமல் போவது சகஜம். அந்தச் சமயத்தில் நூறு நாள் சவால், மாதக் கிலோமீட்டர் பட்டியல் என்று குரூப் முழுக்க எண்களாக ஓடினால், தன் பெயர் கடைசியில் பூஜ்ஜியத்தோடு நிற்பதைத் தினமும் பார்ப்பார். பட்டியலை விரும்புகிறவர்களுக்குத் தனி குரூப் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைத்துப் பேசும்போது "ஏன் வரலை?" என்று தொடங்காமல் வீட்டு நிலவரம் கேளுங்கள். வருகிறேன் என்றால் முதல் நாள் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். அவர் வண்டி மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும்: டியூபில் காற்று இறங்கியிருக்கும், செயின் காய்ந்திருக்கும், பிரேக் கம்பி துருப்பிடித்திருக்கும். ஞாயிறு காலை அதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று போட்டுவிடுவார். சனிக்கிழமை சாயங்காலமே யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் எண்ணெய் விட்டுக் காற்றடித்துவிட்டு வாருங்கள். மெல்லிய டயர் வண்டியாக இருந்தால் பெரும்பாலும் பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு இருக்கும், பெட்ரோல் பங்க் குழாய் அதற்குப் பொருந்தாது. அதற்கான பம்பை மறக்காமல் எடுத்துப் போங்கள்.