ஏற்காட்டில் மட்டும் கேட்ட டிக் டிக்

மார்கழியில் ஏற்காட்டில் தங்கியபோதுதான் கவனித்தேன். காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முக்கி முனகித்தான் சுற்றும். ஆயில் பிரஷர் வந்ததும் அணைய வேண்டிய டேஷ்போர்டு விளக்கு அணைய நாலைந்து விநாடி ஆகும். அதுவரை மேலே டிக் டிக் சத்தம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் மெக்கானிக்கிடம் காட்டினால் கப்சிப்.

முதலில் பேட்டரி மாற்றினேன். அப்புறம் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) பார்த்தோம். ஆயில் ஃபில்டர் மாற்றி, குறைந்ததை, முன்பு சர்வீஸில் ஊற்றிய ஆயிலின் மீதி கேனிலிருந்தே ஊற்றினோம். பத்து நாள் போனதுதான் மிச்சம்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருந்ததால்தான் ஏமாந்தேன். ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியில் இருந்த பிசுக்கைத் துடைத்தபோது இந்த இன்ஜினுக்கான ஆயில் வகை தெரிந்தது: 5டபிள்யூ-30. கேனில் இருந்ததோ 20டபிள்யூ-50! "சேலம் வெயிலுக்குக் கெட்டியாத்தாங்க ஊத்தணும்" என்று சர்வீஸில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பின்னால் வரும் எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பதுதான் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு; அது சின்னதாக இருந்தால் குளிரிலும் ஆயில் சீக்கிரம் இன்ஜின் மேலே ஏறும்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழசை முழுக்க வடித்து, 5டபிள்யூ-30 ஊற்றி, ஃபில்டரையும் மறுபடி மாற்றினேன். அன்றே மலை ஏறி ராத்திரி வெளியில் நிறுத்தினேன். காலையில் சாவியிலிருந்து கை எடுப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அப்பாடா!