பழைய டட்ஜன் கருவியில நாடியை வரைஞ்சு எடுக்கறது எப்படி

ஈசிஜி வர்றதுக்கு முன்னாடியே நாடித்துடிப்பை பேப்பர்ல இறக்கிட்டாங்க, 1854 வாக்குல ஜெர்மனில ஃபியரோர்ட் பண்ணினது எடைக்கல்லு தொங்குற பெரிய சாமான், 1860ல பாரிஸ்ல மாரே எடையை தூக்கிட்டு ஸ்பிரிங் போட்டு மணிக்கட்டுலயே கட்டற மாதிரி ஆக்கினாரு, 1881ல லண்டன் டாக்டர் டட்ஜன் அதையும் சுருக்கி பாக்கெட்டுல போடற சைஸுக்கு கொண்டுவந்தாரு. இன்னைக்கும் பழைய சாமான் ஏலத்துல கண்ணுல படறது பெரும்பாலும் இந்த டட்ஜன்தான், அதனால அதையே சொல்றேன்.

முதல்ல பேப்பர். வழவழப்பான பேப்பரை நீள ரிப்பனா வெட்டி, கண்மைக்கு புகை பிடிக்கற மாதிரி கற்பூரத்தை கொளுத்தி அதுக்கு மேல ஆட்டிக்கிட்டே இருங்க, கருவியோட ஊசி இந்த கரியைக் கீறித்தான் நாடியை கோடா வரையும், அதனால கரி மெல்லிசா சமமா படியணும், தடியா படிஞ்சா ஊசி இழுபடும். பார்மசி காலேஜ்ல புகை டிரம்மோட (இதே மாதிரி கரி படிஞ்ச பேப்பரை சுத்தின உருளை) மல்லுக்கட்டினவங்களுக்கு இந்த கஷ்டம் தெரியும்.

அடுத்து கையை மேஜை மேல மல்லாக்க வச்சு விரலை தளர்த்தி, கட்டைவிரல் பக்கம் நாடி நல்லா துடிக்கற இடத்தை பேனாவால ஒரு புள்ளி வச்சுக்கோங்க. கருவியோட அடியில இருக்கற சின்ன பொத்தான் சரியா அந்த புள்ளியில உக்காரணும், அரை விரல் தள்ளினாலும் போச்சு. பட்டையை கட்டி, பேப்பரை ஓட்டற கடிகார எந்திரத்துக்கு சாவி கொடுத்துட்டு, பக்கத்துல இருக்கற அழுத்த சக்கரத்தை திருப்புங்க, 1ல இருந்து 5 அவுன்ஸ் (ஒரு அவுன்ஸ்னா சுமார் 28 கிராம் எடை) வரைக்கும் போகும். இங்கதான் வித்தையே இருக்கு. கம்மியா அழுத்தினா ஊசி சும்மா நடுங்கும், ஜாஸ்தியா அழுத்தினா ரத்தக்குழாய் நசுங்கி கோடு படுத்துடும், ஒவ்வொரு அளவா மாத்தி ஊசி எங்க அதிகமா ஆடுதோ அங்க நிறுத்துங்க. அப்புறம் பேப்பரை உருளைக்குள்ள சொருகி லிவரை தட்டி விட்டா 10 செகண்ட்ல ஓடி முடிஞ்சிரும், கோட்டுல எத்தனை துடிப்புன்னு எண்ணி 6ஆல பெருக்கினா நிமிஷக் கணக்கு வந்துரும்.

ஒவ்வொரு அலையும் சட்டுன்னு ஏறி மெதுவா இறங்கும், இறங்கற வழியில ஒரு சின்ன பள்ளமும் மேடும் தெரிஞ்சா கோடு நல்லா விழுந்திருக்குன்னு அர்த்தம். ஆனா அலை உயரத்தை வச்சு பிரஷர் இவ்வளவுன்னு மட்டும் சொல்லாதீங்க, அதே ஆளுக்கு அழுத்தத்தை மாத்தினா உயரமும் மாறும், என்னைக் கேட்டா துடிப்பு ஒழுங்கா வருதா தாறுமாறா வருதான்னு பாக்கறதுக்குத்தான் இது லாயக்கு.

கரி கையில ஒட்டிக்கும்கறதால ஓரத்துல ஊசியாலயே பேரு, தேதி, எத்தனை அவுன்ஸ்னு கீறிட்டு, ஸ்பிரிட்ல கரைச்ச அரக்குல ஒரு முக்கு முக்கி காய விடுங்க. அவுன்ஸ் எழுதலேன்னா அந்த கோட்டை இன்னொரு கோட்டோட ஒப்பிடவே முடியாது.