கிளாசிக் மோட்டாரின் செயினை வீட்டு வாசலிலேயே பராமரிப்பது எப்படி?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் நான் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ வாங்கி வந்த அன்று பக்கத்து வீட்டு அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது பழசா, புதுசா தம்பி?" என்று கேட்டதில் ஆச்சரியமில்லை. புதுசுதான். உருண்டை விளக்கும் கம்பிச் சக்கரமும் மட்டும் தாத்தா காலத்து ஜாடை. என்ஃபீல்டு இந்தியா மெட்ராசில் தொடங்கியது 1955இல். எங்கள் தாத்தா மலாயா வர ரஜூலா கப்பல் ஏறியதும் மெட்ராஸ் துறைமுகத்தில்தான். "ரெண்டும் ஒரே ஊர்ச் சரக்கு" என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது பி2 லைசென்ஸ். அது 250 சிசி வரைதான் செல்லும். இந்த மோட்டார் 349 சிசி. லைசென்ஸை உயர்த்திக்கொண்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, செயினுக்கு வருவோம். ஈஎக்ஸ்5 மாதிரி கப்சாயில் செயினை முழுக்க மூடி ஒரு தகரக் கூடு இருக்கும். அதனால் அதை ஓட்டிப் பழகிய நமக்குச் செயின் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருக்காது. கிளாசிக்கில் மேலே ஒரு சின்ன மறைப்பு மட்டும்தான், மற்றபடி செயின் திறந்தே கிடக்கும். பக்கத்து லிந்தாங் பக்கம் தோட்டத்துச் சாலையில் ஒரு வாரம் ஓட்டினால் போதும், செம்மண் தூசி எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் மாதிரி செயினைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். மாலை மழை மிச்ச எண்ணெயைக் கழுவிவிடும். மோட்டாரில் உர மூட்டை ஏற்றுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான், சிந்திய இடத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) ஏற்றினால் சொட்டும் நீரில் பால் உறைய வைத்த ஆசிட்டும் கலந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

நகரத்துக்காரர்கள் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய் போடச் சொல்வார்கள். இங்கே அந்தக் கணக்கு உதவாது. நான் ஞாயிறுதோறும் செய்கிறேன், பலத்த மழையில் நனைந்தால் அன்றே ஒருமுறை கூடுதலாக. இருபது நிமிட வேலை.

தேவையானவை: கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, கிழிந்த கைலித் துணி, செயின் எண்ணெய் டப்பா ஒன்று, ஒரு அடிக்கோல், அட்டைப் பெட்டி ஒன்று. பெட்ரோல் வேண்டாம். இப்போதைய செயின்கள் பலவற்றில் தகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடாமல் பிடித்திருப்பவை அவைதான். பெட்ரோலும் இரும்புக் கம்பி பிரஷும் அவற்றைக் கெடுத்துவிடும். அவை போனால் செயினும் போன மாதிரிதான்.

முதல் படி: நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்

மோட்டாரின் எடை 195 கிலோ, அதனால் கையால் இழுத்து ஏற்றப் பார்க்காதீர்கள். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் பட்டதும் மிதிக்கும் இடத்தில் உடம்பு எடை முழுவதையும் போட்டு நில்லுங்கள், தானே ஏறிவிடும். சிமெண்டுத் தரையாக இருந்தால் நல்லது. எங்கள் வாசல் மண் தரை, நான் ஒரு பலகை போட்டுக்கொள்கிறேன். (பக்கவாட்டு ஸ்டாண்டுக்கும் ஒரு சின்னப் பலகைத் துண்டைப் பையில் வைத்திருங்கள். மழை பெய்த மண்ணில் ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதையும். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மோட்டார் படுத்திருக்கும்.)

இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுழல விட்டுத் துணியைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். விரலும் சீக்கிரம் முடிந்துவிடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

இரண்டாம் படி: துடையுங்கள்

அட்டையைச் செயினுக்குக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, ஒரு சாண் ஒரு சாணாகத் தேய்த்துக்கொண்டே சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். உள்பக்கத்தை மறக்கக்கூடாது, அழுக்கு அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். கறுப்புச் சேறு கரைந்து வந்ததும் கைலித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள், அது நேராக ஆற்றுக்குத்தான் போகும்.

மூன்றாம் படி: தொய்வை அளங்கள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், நானும் தடுமாறினேன். செயின் கொஞ்சம் தொங்கினாலே அது பழுது என்று நினைத்து ஒரு கடையில் கொடுத்தேன். அவர்களும் வீணைத் தந்தி மாதிரி விறைக்க இழுத்துக் கட்டிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாளில், வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது.

காரணம் இதுதான். நீங்கள் ஏறி உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே எழும். அப்போது முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் கூடுவதால் செயின் இறுகும். நிற்கும்போது இருக்கும் தொய்வு அந்த நேரத்துக்கான சேமிப்பு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கியர்பெட்டியின் அச்சும் பேரிங்கும் இழுபடும். தோட்டச் சாலையில் பள்ளத்துக்கா பஞ்சம்?

இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ச் செயினுக்குப் பக்கத்தில் அடிக்கோலை நிறுத்துங்கள். விரலால் செயினைக் கீழே அழுத்தி, பிறகு மேலே தூக்கி, இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பெரும்பாலான மோட்டார்களில் இது 2 முதல் 4 செ.மீ. வரை இருக்கும். உங்கள் மோட்டாருக்கான அளவும், அதை எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதும் உரிமையாளர் கையேட்டில் இருக்கின்றன. அதன்படியே போங்கள். சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் அளக்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தின் அளவைக் கணக்கில் எடுங்கள்.

நான்காம் படி: தொய்வு அதிகமாக இருந்தால் மட்டும்

பின்சக்கர அச்சின் பெரிய நட்டைத் தளர்த்துங்கள். கழற்றிவிட வேண்டாம். இரண்டு பக்கமும் செயினைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கும். சில மோட்டாரில் அது போல்ட், சிலவற்றில் நத்தை ஓடு மாதிரி ஒரு தகடு. இடது பக்கம் எவ்வளவு திருப்புகிறீர்களோ, வலது பக்கமும் அவ்வளவே திருப்புங்கள். பக்கத்தில் உள்ள கோடுகள் இதற்குத்தான். ஒரு பக்கம் கூடிவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும், செயினும் பல்லும் ஒரு பக்கமாகத் தேயும்.

கால் சுற்று திருப்பி, அளந்து, மறுபடி கால் சுற்று. அவசரம் வேண்டாம். அளவு வந்ததும் அச்சு நட்டை இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளங்கள். இறுக்கும்போது தொய்வு மாறுவது சகஜம். பின் பிரேக்கையும் இரண்டு மூன்று முறை மிதித்துப் பாருங்கள். எங்கள் ஊர் மோட்டார் கடைத் தவுக்கே (முதலாளி) ஒரு யோசனை சொன்னார்: நீங்களே இறுக்கினாலும் முதல் முறை கடைக்குப் போய் டார்க் ஸ்பானரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு இழுத்தாலும் தொய்வு தீரவில்லையா? பின் பல்சக்கரத்தின் கடைசியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தாலோ, பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தாலோ செயினின் ஆயுள் முடிந்துவிட்டது. செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஐந்தாம் படி: எண்ணெய்

கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் போடுங்கள். ஓடும்போது எண்ணெய் தானே வெளிப்பக்கம் தள்ளப்பட்டு எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். கொஞ்சம் போதும், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அதிகமாகப் போட்டால் தூசியை விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும். வடித்த பழைய இஞ்சின் எண்ணெயை ஊற்றும் பழக்கம் நம்மூரில் உண்டு. அதில் ஏற்கெனவே அழுக்கு நிறைய இருக்கும், வேண்டாம்.

ஞாயிறு மாலை ஒரு சுற்று போய் வந்து, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இந்த வேலை முழுவதையும் செய்தால் எண்ணெய் நன்றாக இறங்கும். இரவெல்லாம் அப்படியே விட்டுவிட்டால் காலையில் தெறிக்காது.

செயினைப் பார்க்கும்போதே டயரையும் ஒரு சுற்று பாருங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டை முள் பொல்லாதது. கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும், வெளியிலிருந்து அடைக்க முடியாது, டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போன வழியில் உதிரிப் பழம் நசுங்கிக் கிடந்தால் வழுக்கும், அங்கே பிரேக்கைத் தொடாமல் நேராகப் போய்விடுங்கள்.

திங்கள் காலை கிளம்பும் முன் பின் டயரின் ஓரத்தையும் பிரேக் வட்டையும் தொட்டுப் பாருங்கள். விரலில் எண்ணெய் பட்டால் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். அந்தக் கைலித் துணியை மட்டும் துவைக்கும் துணியோடு போட்டுவிடாதீர்கள். ஒருமுறை போட்டேன், அம்மா இன்னும் மறக்கவில்லை.