ஜாஸ் ஃப்யூஷனுக்குத் திரும்பி வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காலத்தில் ராத்திரி பகலாகக் கேட்டுவிட்டு, வேலை, குடும்பம் என்று பல வருடம் விட்டுப்போய், இப்போது மறுபடியும் ஜாஸ் ஃப்யூஷன் பக்கம் வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கேயோ மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற எழுபதுகளின் குழுவுடைய பழைய வீடியோ ஒன்று கண்ணில் படும், ஆசை கிளம்பும், நல்ல ஹெட்ஃபோன் வாங்குவார்கள், பத்து ஆல்பம் சேர்த்து வைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து விசாரித்தால் எல்லாம் நின்றுபோயிருக்கும். "காது பழையபடி இல்லை" என்பார்கள். காதில் குறை ஒன்றும் இல்லை. ஜாஸோடு ராக், ஃபங்க் எல்லாம் கலந்த ஃப்யூஷன், நாலைந்து பேர் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டே வாசிக்கும் இசை. அந்தப் பதில்களைக் கேட்கப் பழகாமல் வேறு எதையோ தேடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

பாடத்திட்டம் போட்டுக் கேட்பது

ஃப்யூஷன் எங்கே தொடங்கியது என்று தேடினால் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' வரும். சரி, முதலிலிருந்தே வரலாம் என்று அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். 1969 ஆகஸ்டில் மூன்று நாளில் பதிவாகி அடுத்த வருடம் வெளிவந்த ஆல்பம் அது. முதல் உருப்படியே இருபது நிமிடம். தயாரிப்பாளர் டியோ மசெரோ டேப்பை வெட்டி வெட்டி ஒட்டி அதற்கு வடிவம் கொடுத்தார். மெட்டு எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பது பல தடவை கேட்ட பிறகுதான் பிடிபடும். மகத்தான ஆல்பம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாசல் அது இல்லை.

அதே 1969-இன் பிப்ரவரியில் பதிவான மைல்ஸின் 'இன் எ சைலன்ட் வே' நல்ல வாசல். கிட்டார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின் லண்டனிலிருந்து நியூயார்க் வந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்த அறையில் மூன்று கீபோர்டுகள்: ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ சாவினுல். சாக்ஸஃபோனில் வெய்ன் ஷார்ட்டர், ட்ரம்ஸில் டோனி வில்லியம்ஸ். அடுத்த சில வருடங்களில் ஹான்காக் ஹெட்ஹன்டர்ஸைத் தொடங்கினார். கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவரையும், சாவினுலும் ஷார்ட்டரும் சேர்ந்து வெதர் ரிப்போர்ட்டையும், மெக்லாஃப்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவையும் தொடங்கினார்கள். எழுபதுகளின் ஃப்யூஷன் முழுவதும் ஒரே அறையில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் வாசித்த ஆல்பம் இது. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் டோனி வில்லியம்ஸ், உலகத்தின் மிக வேகமான கைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலை மட்டும் சீராகத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்த அடக்கத்தைக் கவனியுங்கள்.

இல்லையென்றால் உங்கள் காது ஏற்கனவே எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வாருங்கள். ராக் கேட்டு வளர்ந்தவர் மகாவிஷ்ணுவிலிருந்து வரலாம். ஆடவைக்கும் இசை பிடித்தவருக்கு ஹான்காக்கின் 1973 ஆல்பம் 'ஹெட் ஹன்டர்ஸ்'. அதில் 'வாட்டர்மெலன் மேன்' தொடங்கும்போது புல்லாங்குழல் மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வரும். அது காலி பீர் பாட்டில். மத்திய ஆப்பிரிக்கப் பிக்மி மக்கள் ஒற்றைச் சுரக் குழலையும் குரலையும் மாற்றி மாற்றி வாசிக்கும் முறையை வைத்து, குழுவின் தாளவாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் அப்படி ஊதினார். இதே மெட்டை ஹான்காக் 1962-லேயே சாதாரண ஜாஸ் குழுவோடு பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடுவில் இருந்த பதினோரு வருடத்தில் என்ன நடந்தது என்று யாரும் விளக்கவே வேண்டாம்.

வேகத்தை மட்டும் எடைபோடுவது

"என்னா ஸ்பீடு!" என்பதோடு நின்றுவிடுகிறவர்கள் சீக்கிரம் அலுத்துப்போவார்கள். வேகம் முதல் இரண்டு தடவைதான் ஆச்சரியம் தரும். ஃப்யூஷன் மேல் வந்த நியாயமான குற்றச்சாட்டும் அதுதான்: எழுபதுகளின் கடைசியில் நிறையக் குழுக்கள் வித்தை காட்டுவதிலேயே இறங்கிவிட்டன. ஆனால் நல்ல குழுக்களில் வேகம் ஒரு பேச்சின் உச்சத்தில் வரும், அங்கேயே நின்றும் போகும்.

வெதர் ரிப்போர்ட்டின் 'பேர்ட்லேண்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் வந்த 'ஹெவி வெதர்' ஆல்பத்தின் முதல் உருப்படி. தொடக்கத்தில் அடித்தளமாக ஓடும் கனத்த சுரங்களை வாசிப்பது சாவினுலின் சிந்தசைசர். அதற்கு மேலே மெலிந்த, கண்ணாடி மாதிரித் தெளிந்த குரலில் ஒரு மெட்டு வரும். கிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். குழுவில் கிட்டாரே கிடையாது. ஜாக்கோ பாஸ்டோரியஸ், வழக்கமாகக் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸில், தந்தியைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டபடி மீட்டி மேல் ஸ்தாயி ஹார்மோனிக்ஸை எடுக்கிறார். பேஸ் மேலே போய்விட்டது, கீபோர்டு கீழே வந்துவிட்டது. யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற வழக்கத்தையே இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இதில் வேகம் துளிக்கூட இல்லை.

மாத்திரை எண்ணியே களைத்துப்போவது

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது ஒரு தனிப் பிரச்சினை. ஏழு, ஐந்து, ஒன்பது என்று வந்தவுடன் கை தானாகத் தாளம் போட ஆரம்பிக்கும். மிஸ்ர சாப்பு, கண்ட சாப்பு பழகிய காதுக்கு அது பெரிய வசதிதான். ஆனால் சமம் எங்கே, எடுப்பு எங்கே என்று தேடுவதிலேயே பாட்டு முடிந்துவிடும்.

முதல் தடவை எண்ணாதீர்கள். பேஸ் திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு வரி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை மனசுக்குள் பாடப் பழகுங்கள். அது வந்துவிட்டால் கணக்கு தன்னால் பின்னாலேயே வரும். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஆல்பத்தில் 'தி டான்ஸ் ஆஃப் மாயா' இதற்கு அருமையான பயிற்சி. முதலில் நெளிந்து நெளிந்து இறங்கும் ஒரு கிட்டார் பின்னல் மெதுவாக வரும். நடுவில் சம்பந்தமே இல்லாத மாதிரி துள்ளலான ஒரு ப்ளூஸ் நடை. கடைசியில் அந்தப் பின்னல் திரும்பி வந்து ப்ளூஸ் நடையின் மேலேயே உட்காரும். இரண்டுக்கும் ஒரே கணக்கு என்பது அப்போதுதான் உறைக்கும். நன்றாக அமைந்த கோர்வை சமத்தில் வந்து விழும்போது வருகிற அதே சிலிர்ப்பு. முதலிலேயே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் இது கிடைக்காது.

சக்தியை 'நம்ம ஆளுங்க' என்று மட்டும் கேட்பது

மெக்லாஃப்லின் இந்திய இசைக்காரர்களோடு நடத்திய சக்தி குழுவைப் பற்றிப் பேசினால் நம் ஊரில் பெருமை முதலில் வந்து நிற்கும். நியாயம்தான். எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், தொடக்கத்தில் ராம்நாட் ராகவனின் மிருதங்கம், பின்னாளில் யு. ஸ்ரீநிவாஸ், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் என்று அந்த வரிசையைப் பார்த்தால் யாருக்குத்தான் பெருமை வராது? 2023-இல் வந்த 'திஸ் மொமென்ட்' அடுத்த வருடம் கிராமியும் வாங்கியது.

ஆனால் கடம் வரும் இடத்தை மட்டும் தேடிக் கேட்டால் பாதி போய்விடும். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். அதில் மெக்லாஃப்லினைக் கவனியுங்கள். உலகத்திலேயே அதிகச் சத்தமான குழுக்களில் ஒன்றை நடத்தியவர், மின்சாரக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்காகவே செய்த கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு (தந்தியின் கீழே இருக்கும் குறுக்குக் கம்பிகளுக்கு) நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. வீணையில் இழுப்பது போலத் தந்தியை அழுத்தி கமகம் கொண்டுவரலாம். பிரதானத் தந்திகளுக்குக் குறுக்கே, அவை ஒலிக்கும்போது தாமாகவே அதிரும் ஏழு தந்திகள் ஓடின. அமெரிக்காவில் கர்நாடக இசை அறிஞர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் பாடம் கேட்டவர் அவர். இன்னொரு பக்கம் ஜாகிர் உசேனின் தபலாவும் விக்குவின் கடமும். ஒன்று வடக்கத்திப் பாணி, மற்றொன்று தெற்கத்திப் பாணி, சொற்கட்டே வேறு. அவர்கள் ஒருவர் சொல்லை மற்றவர் வாங்கித் தன் கையில் மாற்றித் திருப்பிக் கொடுக்கும் இடங்கள்தான் எனக்கு அந்த ஆல்பத்தின் உயிர்.

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்"

கச்சேரி விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. இந்த இசையை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் 1930-களிலும் 40-களிலும் பிறந்தவர்கள். சிக் கொரியா 2021 பிப்ரவரியில் போய்விட்டார். வெய்ன் ஷார்ட்டர் 2023 மார்ச்சில். சக்தி தன் ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தில் 2023-இல் இந்தியாவுக்கும் வந்தது. டிக்கெட் விலையைப் பார்த்து, அடுத்த தடவை என்று விட்டவர்களுக்கு அந்த அடுத்த தடவை வரவில்லை. 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். மெக்லாஃப்லின் 1942-இல் பிறந்தவர், ஹான்காக் 1940. வாய்ப்பு கிடைத்தால் போய்விடுங்கள்.

அதற்காகப் பெரிய பெயர்களுக்கு மட்டும் காத்திருப்பதும் தவறு. இந்த இசை சின்ன இடத்தில்தான் நன்றாக இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் 'பேக்ட் பொட்டேட்டோ', நியூயார்க்கில் 'ப்ளூ நோட்', லண்டனில் 'ரானி ஸ்காட்ஸ்' எல்லாம் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கும் கிளப்புகள். வெளிநாட்டில் இருப்பவர்களும் போகிறவர்களும் தவறவிடக் கூடாது. இந்த மாதிரி இடங்களில் டிக்கெட்டோடு, சாப்பாடோ பானமோ குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று இருப்பது வழக்கம். முன்னாலேயே பார்த்துக்கொண்டு போங்கள். ஒரே இரவில் இரண்டு காட்சி இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். விரல்கள் சூடாகியிருக்கும், கிளம்ப வேண்டிய அவசரம் இருக்காது, உருப்படிகள் நீளும்.

எங்கே உட்காருவது, காதை என்ன செய்வது

முதல் வரிசை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். கிட்டார் ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) ஒரே திசையில்தான் சத்தத்தைத் தள்ளும். அதன் நேர் எதிரில் உட்கார்ந்தால் கச்சேரி முழுக்கக் கிட்டார் மட்டும்தான். பெரிய அரங்கில் சவுண்ட் என்ஜினியர் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒட்டி நில்லுங்கள்; அவர் காதுக்குச் சரியாக இருப்பதுதான் உங்களுக்கும் வரும். சின்ன கிளப்பில் ட்ரம்ஸ்காரரின் இரண்டு கையும் பேஸ்காரரின் முகமும் தெரிகிற பக்கவாட்டு மேஜை போதும். அவர்கள் இருவரும் எப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தால், அடுத்து என்ன திரும்பப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

காதடைப்பான் எடுத்துப் போகாமல் இருப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் பதினைந்து நிமிடம்தான். மின்சாரக் கருவிகளோடு நடக்கும் கச்சேரியில் அந்த அளவு சாதாரணம். பஞ்சு மாதிரியான மஞ்சள் அடைப்பான் மேல் ஸ்தாயியை விழுங்கிவிடும், சிம்பல் ஓசையே காணாமல் போகும். இசைக்காகவென்றே செய்த அடைப்பான்கள் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். போன நூற்றாண்டு ஆல்பங்களை இன்னும் இருபது வருடம் கேட்க வேண்டும் என்றால் இது அவசியம்.

ஆல்பத்தைத் திரும்பக் கேட்கப் போவது

தெரிந்த உருப்படி வந்தவுடன், "ரெகார்டில் இப்படி இல்லையே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நல்ல குழு அதே மாதிரி வாசிக்காது. வாசிக்கவும் கூடாது.

போவதற்கு முன் ஒரு பயிற்சி: அமெரிக்காவின் டெக்ஸஸிலிருந்து வந்த ஸ்நார்க்கி பப்பி குழு 2013-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 'வீ லைக் இட் ஹியர்' ஆல்பத்தை ரசிகர்கள் முன்னிலையிலேயே பதிவு செய்தது. ரசிகர்கள் வாத்தியங்களைச் சுற்றி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் 'லிங்கஸ்' வீடியோவைப் பாருங்கள். கோரி ஹென்ரி கீபோர்டில் தனியாக வாசிக்கும்போது அவரை விட்டுவிட்டு, சுற்றி இருக்கும் மற்ற வாத்தியக்காரர்களின் முகத்தைக் கவனியுங்கள். அவர்கள் தலையாட்டுவதும் சிரிப்பதும், லார்னெல் லூயிஸ் ட்ரம்ஸில் படிப்படியாக அவரை மேலே ஏற்றிக்கொண்டே போவதும் தெரியும். நேரில் போகும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

அரங்கில் கை தட்டுவதில் பெரிய இலக்கணம் இல்லை. ஒருவர் தனி வாசித்து முடித்தவுடன், உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டலாம். பேஸ் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பேச ஆரம்பிப்பதும், ட்ரம்ஸ் தனி வந்ததும் கேன்டீனுக்கு எழுந்து போவதும்தான் கூடாதவை. மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஃப்யூஷனில் மற்ற நேரமெல்லாம் கீழே இருந்து தாங்கியவர்கள் வாய்திறக்கும் இடம் அது. ஃபோனில் எடுக்க வேண்டும் என்றால் ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். கிளப்புகளில் வாசித்தவர்களே வெளியே வந்து நிற்பார்கள், ஆல்பமும் விற்பார்கள். வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தில் யார் பேஸ், யார் ட்ரம்ஸ் என்று படியுங்கள். அடுத்து எதைக் கேட்பது என்பது அந்தப் பெயர்களிலிருந்து கிடைக்கும். மகாவிஷ்ணு அட்டையில் ட்ரம்ஸ்காரர் பில்லி கோப்ஹம் பெயரைப் பார்த்தவர் அவருடைய 1973 ஆல்பம் 'ஸ்பெக்ட்ரம்' வரை போவார். அங்கே மகாவிஷ்ணுவில் வாசித்த அதே யான் ஹாமர் கீபோர்டில் இருப்பார், கிட்டாரில் டாமி போலின் என்ற இளைஞர். அவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்.