கடைசியாக வந்தவரும் திரும்ப வரும்படி ஓர் ஆர்சி விமானப் பந்தயம்

ஆர்சி கிளப்பில், அதாவது தரையில் நின்று ரிமோட்டில் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் கூடும் இடத்தில், விமானப் பந்தயம் ஆரம்பிப்பது சுலபம். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். அடுத்த மாதம் ஒருவர் பெரிய மோட்டார் மாட்டிக்கொண்டு வருவார், அதைப் பார்த்து இன்னொருவர் பேட்டரியை மாற்றுவார். கொஞ்ச நாளில் அந்த இரண்டு பேர் மட்டும் பறப்பார்கள், மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதோடு பந்தயம் நின்றுபோகும். எங்கள் கிளப்பில் பந்தயத்தைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. எந்த விதியை வைப்பதானாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்குப் பந்தயத்தில் கடைசி இடத்தில் வந்தவர் அடுத்த தடவையும் வருவாரா?

உலகப் போட்டியைப் பார்த்து விதி எழுதாதீர்கள். அங்கே எஃப்3டி என்ற பிரிவில் மூன்று கம்பங்களை முக்கோணமாக நட்டு, அவற்றைச் சுற்றி, ஒரு சுற்று 400 மீட்டர் வீதம் 10 சுற்று பறக்கிறார்கள். நாலு கிலோமீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிற ஆட்கள் அவர்கள். அந்த வேகத்துக்கு வேண்டிய கண்ணும் கையும் நம்மில் பலருக்குக் கிடையாது, மைதானமும் கிடையாது. நட்புக்காக நடத்தும் பந்தயத்துக்கு இரண்டு கம்பம் போதும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகமும் தாராளம்.

முதல் முடிவு: எல்லோருக்கும் ஒரே விமானம். 'ஒரே மாதிரியான' விமானம் என்று விட்டால் போதாது, ஒரே மாடல்தான். ஃபோம் விமானமாக இருக்கட்டும். இறக்கை கீழே அமைந்த, சாதாரணமாகப் பறக்கத் தெரிந்தவர் ஓட்டக்கூடிய, உடைந்தால் பசை போட்டு அன்றைக்கே திரும்பப் பறக்கவிடக்கூடிய ஒன்று. மோட்டார், அதன் வேகத்தை மாற்றும் ஸ்பீடு கன்ட்ரோலர், இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோ எல்லாம் பெட்டியில் வந்தபடியே இருக்க வேண்டும். பேட்டரி 3எஸ் 2200 எம்ஏஎச் (வரிசையாக மூன்று செல், 2200 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு) என்றால் எல்லோருக்கும் அதுதான். ஒட்டுவதற்கும் பலப்படுத்துவதற்கும் தடை வேண்டாம், எடையைக் குறைப்பதற்குத் தடை வையுங்கள்.

வேகத்துக்குக் கடிவாளம் போட நினைத்தால் மோட்டாரைவிட புரொப்பெல்லரைப் பிடியுங்கள். 8x6 என்றால் விட்டம் 8 அங்குலம், ஒரு முழுச் சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம் 6 அங்குலம். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் நொடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். மட்டமாகப் பறக்கும்போது விமானம் இதைத் தாண்டிப் பெரிதாகப் போய்விடாது. அதனால் கிளப் பணத்தில் ஒரே கம்பெனி, ஒரே அளவு புரொப்பெல்லர்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் நானே கையில் கொடுப்பேன். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வேன். கூடவே ஒரு வாட்மீட்டர் இருக்கட்டும். பிரித்த புதிதில் ஒரு விமானம் முழு த்ராட்டிலில், அதாவது மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டால், எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து, அதற்கு மேல் ஐந்து சதவீதம் வரை அனுமதி. ஜெயித்தவரின் விமானத்தை மட்டும் சோதிக்காமல், ஒவ்வொரு ரவுண்டிலும் சீட்டுக் குலுக்கி ஒன்றைச் சோதித்தால் யாருக்கும் மனம் புண்படாது.

எல்லாம் ஒரே மாடல் என்பதால் வானத்தில் எது யாருடையது என்ற குழப்பம் வரும். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து விமானத்தைத் தன்னுடையது என்று நினைத்து ஓட்டுகிறவர் தன் விமானத்தைத் தரையில் குத்திவிடுவார். அகலமான வண்ண டேப்பை இறக்கையின் மேல்பக்கம் முழு நீளத்துக்கும், அடிப்பக்கம் குறுக்குப் பட்டைகளாகவும் ஒட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் திருப்பத்தில் முதுகு தெரிகிறதா வயிறு தெரிகிறதா என்பது கண்ணுக்குப் புலப்படும். ஒரு ஹீட்டுக்கு (ஒரே நேரத்தில் சேர்ந்து பறக்கும் ஓர் ஓட்டத்துக்கு) நாலு விமானம் என்றால் சிவப்பு, மஞ்சள், பளீர் பச்சை, கறுப்பு. நீலத்தைச் சேர்க்காதீர்கள். எண்பது மீட்டர் தூரத்தில், மேகமூட்டத்தில், நீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும்.

இனி மைதானம். கம்பங்களுக்கு நடுவே 100 மீட்டர். விமானிகள் நிற்கும் கோட்டிலிருந்து கம்பங்களின் கோடு 60 மீட்டர் முன்னால் இருக்கட்டும். விமானிகள் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் நிற்பார்கள். கம்பம் மூன்று, நாலு மீட்டர் உயரம் இருந்தால் போதும். வளையக்கூடிய ஃபைபர் கம்பியில் துணிக்குழாய் மாட்டினால் மோதினாலும் விமானம் பிழைக்கும். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.

பந்தயம் எப்போதும் இடப்பக்கத் திருப்பம்தான். விமானிகளுக்கு எதிரே விமானங்கள் இடமிருந்து வலமாகப் போகும், தூரத்துப் பக்கம் வலமிருந்து இடமாகத் திரும்பி வரும். இதை மனதில் ஓட்டிப் பார்த்தால் முக்கியமான ஒன்று புரியும். வலது கம்பத்தில் கட்டுப்பாடு இழந்த விமானம் நம்மைவிட்டு விலகித்தான் போகும். இடது கம்பத்தில் இழந்தால், அது அப்போது நம் பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும். ஆகவே ஆபத்து முழுவதும் இடது மூலையில் இருக்கிறது. வண்டிகள், பந்தல், சார்ஜ் போடும் மேஜை, குழந்தைகள் எல்லாம் வலதுபக்கம், விமானிகளுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி. இடதுபக்கம் வெறும் புல்தான் இருக்க வேண்டும். நிழல் மரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று யாராவது வண்டியை அங்கே விட்டால், அதை எடுக்கும்வரை நான் முதல் ஹீட்டைத் தொடங்க மாட்டேன்.

கம்பத்தைத் தாண்டினார்களா இல்லையா என்பதை விமானியால் சொல்ல முடியாது. நடுவில் நிற்பவருக்கு ஆழம் தெரியாது. கம்பத்துக்கு நேர் எதிரே இருந்து பார்த்தால்தான் தெரியும். வலது கம்பத்துக்கு, விமானிகள் கோட்டின் நீட்சியில், கம்பத்துக்கு நேராக ஒரு நடுவர் கொடியோடும் ஹெல்மெட்டோடும் நிற்கலாம். இடது கம்பத்துக்கு நேரான இடம் மேலே சொன்ன ஆபத்தான மூலைக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே ஆளை நிறுத்தாமல், முக்காலியில் ஒரு கேமராவை வைத்துவிடுங்கள். ஹீட் முடிந்ததும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கம்பத்தின் அடியில் யாரையும் நிறுத்தாதீர்கள், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

ஒவ்வொரு விமானிக்கும் ஒரு துணையாள் உண்டு. இந்தப் பந்தயத்தின் உயிரே அவர்தான் என்பது என் அபிப்பிராயம். விமானியின் கண் தன் விமானத்தைவிட்டு நகரக் கூடாது. கொடி, மற்ற விமானங்கள், எத்தனையாவது சுற்று எல்லாம் துணையாளின் வேலை. நொடிக்கு 25 மீட்டர் போகும் விமானத்தில், சொல் காதில் விழுந்து கை அசைவதற்குள் ஆறேழு மீட்டர் ஓடியிருக்கும். அதனால் கம்பத்தில் 'திரும்பு' என்று சொன்னால் தாமதம். நல்ல துணையாள் கம்பத்துக்கு முன்னாலேயே "ரெடி" என்பார், அரை மூச்சு விட்டு "இழு" என்பார். நடுவே "உள்ளே பச்சை இருக்கு, கொஞ்சம் மேலே போங்க" என்று மெதுவாகச் சொல்வார். கத்துகிற துணையாள் பக்கத்தில் நின்றால் விமானியின் கட்டைவிரலும் பதறும். குரல் ஒரே சீராக இருக்க வேண்டும்.

திருப்பத்தைப் பற்றிப் புதியவர்களிடம் நான் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன். திருப்பத்தின் ஆரம் 15 மீட்டராக இருப்பதும் 20 மீட்டராக இருப்பதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு 31 மீட்டர் அதிகம் பறக்க வேண்டியிருக்கிறது. பத்துச் சுற்றில் 310 மீட்டருக்கும் மேல், அதாவது பன்னிரண்டு நொடிக்கு மேல் இழப்பு. எந்த மோட்டாரும் இதை ஈடுகட்டாது. அதற்காக வெறியோடு இழுத்தாலும் ஆகாது. 15 மீட்டர் திருப்பத்திலேயே இறக்கை விமானத்தின் எடையைப்போல நாலு மடங்குக்கு மேல் தாங்குகிறது. இன்னும் இறுக்கினால் காற்றுத் தடை ஏறி வேகம் செத்துவிடும், சில சமயம் இறக்கை ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் சக்தியை இழந்து, விமானம் புரண்டுவிடும். ஒரே உயரத்தில், சீராக, கம்பத்தை ஒட்டிப் பறப்பவர்தான் ஜெயிப்பார். இதைக் கேட்டதும் மெதுவாக ஓட்டுகிறவர்கள் முகத்தில் ஒரு தெம்பு வரும், நானே பார்த்திருக்கிறேன்.

பந்தயத்தைத் தரையிலிருந்து தொடங்காமல் வானத்திலிருந்து தொடங்குங்கள். நாலு பேரும் ஒருவர்பின் ஒருவராக ஏறி, அதே இடப்பக்கச் சுற்றில் கொஞ்சம் உயரத்தில் வட்டமிடட்டும். ஒரு நிமிடக் கவுன்ட்டவுனை முன்பே பதிவு செய்து ஸ்பீக்கரில் விடுங்கள். பூஜ்யம் வந்த பிறகு விமானிகளுக்கு நேர் எதிரே உள்ள கோட்டைத் தாண்டியவருக்கு முதல் சுற்று ஆரம்பம். முந்திக்கொண்டு தாண்டினால் ஒரு சுற்று கூடுதல். தரையிலிருந்து நாலு விமானம் சேர்ந்து கிளம்பும்போது நடக்கும் மோதல்கள் இதில் கிடையாது.

கம்பத்துக்கு உட்புறமாகத் திரும்பினால் 'கட்'. ஒரு கட்டுக்கு ஒரு சுற்று கூடுதல், இரண்டாவது கட்டுக்கு அந்த ஹீட்டில் புள்ளி இல்லை. கம்பத்தின் உச்சிக்குக் கீழே பறந்தால் ஓர் எச்சரிக்கை, திரும்பச் செய்தால் இறங்கச் சொல்லலாம். வானத்தில் இரண்டு விமானம் உரசினால் இரண்டும் த்ராட்டிலைக் குறைத்து உடனே இறங்க வேண்டும். நன்றாகத்தானே பறக்கிறது என்று வாதம் வரும். ஏற்காதீர்கள். விரிசல் விட்ட இறக்கை நேராகப் பறக்கும்போது ஒன்றும் சொல்லாது. அடுத்த திருப்பத்தில் மடியும். உரசியவர்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் இருந்த இடத்துக்கான புள்ளியைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அப்போதுதான் தயங்காமல் இறங்குவார்கள்.

பன்னிரண்டு பேர் வந்தால் அமைப்பு அழகாக அமையும்: நாலு பேர் பறக்க, நாலு பேர் துணை நிற்க, நாலு பேர் சுற்று எண்ண. நடுவரும் தொடக்கம் கொடுப்பவரும் தனி. ஒரு ஹீட்டுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் மூன்று ஹீட் சேர்ந்த ஒரு ரவுண்டு அரை மணி நேரம், நாலு ரவுண்டு இரண்டு மணி நேரம். அதற்குமேல் இழுத்தால் கண் சோர்ந்துவிடும். ஒவ்வொரு ரவுண்டிலும் எதிராளிகள் மாறும்படி முந்தின இரவே அட்டவணை போட்டு, பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். வண்ணமும் அட்டவணையிலேயே இருக்கட்டும். புள்ளி 4, 3, 2, 1. வெளியேற்றும் சுற்று வைக்காதீர்கள். காலை பத்து மணிக்கே தோற்று வெளியே உட்கார யாரும் அவ்வளவு தூரம் பெட்டி தூக்கி வருவதில்லை.

கடைசி ரவுண்டை மட்டும் வேறு மாதிரி நடத்துங்கள். ஒவ்வொருவரும் பத்துச் சுற்றுக்குத் தனக்கு எத்தனை நொடி ஆகும் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரில் (ரிமோட்டில்) டைமர் அணைத்திருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு யார் மிக அருகில் வருகிறாரோ அவருக்கு 4. வேகக்காரருக்கு இதில் தனிச் சலுகை கிடையாது. எங்கள் கிளப்பில் அதிகம் கைதட்டல் விழுவது இந்த ரவுண்டுக்குத்தான்.

புதியவர்களை நேராக நாலு பேர் ஹீட்டில் விடாதீர்கள். முதலில் உயரத்தில் நீள்வட்டம், அப்புறம் தனியாகக் கம்பத்தைச் சுற்றி, அப்புறம் இன்னொருவரோடு. பின்னால் வரும் விமானத்தின் சத்தம் காதில் விழுந்தும் தன் கோட்டைவிட்டு விலகாமல் பறக்க வந்துவிட்டால், அவர் தயார்.

பறக்கும் முன் கூட்டத்தில் சொல்ல வேண்டியவை சுருக்கம்தான். உங்கள் நாட்டின் விமானத்துறை விதியும் மைதானத்துக்கான அனுமதியும் காப்பீடும் ஏற்கெனவே சரிபார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபெயில்சேஃப் சோதனை, அதாவது சிக்னல் போனால் மோட்டார் தானே நிற்கிறதா என்ற சோதனை: புரொப்பெல்லருக்குப் பின்னால் ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மோட்டாரை லேசாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு அந்த விமானம் பந்தயத்தில் இல்லை. பழைய 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ யாராவது கொண்டுவந்தால் ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரேடியோவைப் போடாதபடி, ஒரு சேனலுக்கு ஒரு கிளிப் என்ற பலகை கட்டாயம், கிளிப்பை எடுத்தவர் மட்டும் போடலாம்; எல்லோரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்தக் கவலை இல்லை. வட்டமிடுவது, பந்தயம், இறங்குவது எல்லாம் சேர்த்து நாலு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முடித்தவர் மேலே ஏறி, வெளிப்பக்கமாக விலகி, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, "இறங்குறேன்" என்று உரக்கச் சொல்லி இறங்கட்டும்.

கிளம்பும்போது பேட்டரிகளை ஒருதரம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியது, அடிபட்டது எதையும் வண்டியில் மூடி வைக்காமல் மணல் வாளிக்கு அனுப்புங்கள். மற்றவற்றை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டு, அடுத்த பந்தயத்துக்கு அட்டவணை போடும் வேலையை இன்றைக்குக் கடைசியாக வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.